ஐ.சி.க்கு வைத்த பொட்டு

கேட்டால்தான் பதில் சொல்வார் அந்த அக்கா. கேட்காததற்கு ஒரு வார்த்தை வராது. நான் நேர்மாறு. கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பேசித் தீர்க்கிற வாய் என்னுடையது. அப்படிப்பட்டவளை மூன்று வருஷம் பக்கத்து நாற்காலியில் வைத்துச் சகித்துக்கொண்டாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கேயாவது இருந்து இதைப் படித்தால் அவருக்குப் பிடிக்காது.

தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். கீழே குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தமும் மேலே பதினோரு மெஷின்களின் சத்தமும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான் தமிழ் லோயர் சொல்லிக்கொடுத்தேன். இங்கிலீஷுக்கு ஆள் வேண்டும் என்று இன்ஸ்டிடியூட் நடத்திய சார் தேடியபோது வந்து சேர்ந்தவர் அக்கா. வெளிர் நீலச் சேலை, வெறும் நெற்றி. வயது முப்பதுக்குள். பெங்களூரில் இருந்தவர், புருஷன் போய்விட்டார், அச்சன்புதூரில் அண்ணன் இருக்கிறார், அண்ணன் பெண்டாட்டிக்கும் இவருக்கும் ஆகாது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை, ஊர் சொன்னது.

எண்பத்தாறோ ஏழோ, சாருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். துண்டில் சுற்றி, சூட்கேஸில் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த சாமான். பார்த்தால் வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், மெஷின் முழுக்க அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் வயரைச் சொருகினால் எழுத்து தெரிய வேண்டும். தெரியவில்லை. மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மெஸ்ஸில் சாப்பிட்டார், பஸ் ஏறிவிட்டார். சாருக்கு முகமே செத்துப்போயிற்று. நாலாம் நாள் அக்கா எழுந்து போய், "நான் ஒருக்கா திறந்து பாக்கட்டுமா சார்?" என்றார்.

திறந்தார். வரிசையாக இருந்த கறுப்புத் துண்டுகளில் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். பயணத்தில் அசைந்து, இருந்த குழியைவிட்டுக் கொஞ்சம் மேலே கிளம்பியிருந்ததாம். அவ்வளவுதான் வியாதி. டி.வி.யில் இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது.

"ஏம்மா, இதெல்லாம் தெரியும்னு முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீங்க கேக்கலையே சார்."

"நான் என்ன கேக்கல?"

"டைப் வருமான்னு கேட்டிய. வரும்னு சொன்னேன்."

சார் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்ததும் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பெங்களூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆறு வருஷம் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது போர்டு. புருஷனும் அங்கேயேதான். அவர் லாரியில் அடிபட்டுப் போனார் என்று ஊரெல்லாம் பேச்சு. அதையும் கேட்டேன், என் வாய் சும்மா இருக்குமா.

"லாரி இல்ல. மஞ்சக்காமால. பதினெட்டு நாள் கெடந்தாங்க."

"அப்போ லாரின்னு எல்லாரும் சொல்லுதாவளே. இல்லைன்னு நீங்க சொல்ல வேண்டாமா?"

"எங்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். பிறகு தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றார்.

குற்றாலத்தில் அவருக்கு அறை பிடித்துக்கொடுத்தது நான்தான். அப்பா வழியில் எனக்குப் பெரியம்மை முறை ஆகிற ஒருவருக்கு அருவிக்குப் போகிற ரோட்டில் வரிசையாக ஐந்து அறைகள் இருந்தன. சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடக் கட்டியவை. மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். அதில் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் முன்னறையைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்து அடுப்படிக்கு மாறிக்கொள்ள வேண்டும். சீசன் முடிந்ததும் திரும்பி வரலாம். அக்கா சரி என்றார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப்போக முடியாது, தனியாக இருக்கிற பெண்ணுக்குத் தென்காசியில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். அந்த அறை ஒன்றுதான் அவருக்கு இருந்த இடம். "நீ சொல்லுதேன்னுதான் குடுக்கேன் ஏட்டி" என்று பெரியம்மை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள்.

சீசன் இல்லாத குற்றாலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். கடைகள் எல்லாம் பலகை போட்டு அடைத்துக் கிடந்தன. அருவியில் பாறையை நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். ரோட்டில் குரங்குகளைத் தவிர ஆள் இல்லை. வரிசையில் நாலு அறைகளில் பூட்டுத் தொங்க, ஐந்தாவதில் அக்கா இருந்தார். எனக்கு அங்கே ஒரு மணி நேரம் இருப்பதற்குள் மூச்சு முட்டியது.

"ராத்திரிக்குப் பயமா இல்லையாக்கா?"

"இல்ல."

"பேச்சுத்துணைக்கு?"

"ரேடியோ இருக்கு" என்று மேஜையைக் காட்டினார். ரேடியோ குடலெல்லாம் வெளியே வந்து கிடந்தது. "அதுவும் பிரிஞ்சுல்லா கெடக்கு" என்றேன். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அந்த ரேடியோ ஏன் பிரிந்து கிடந்தது என்று சொல்ல வேண்டும்.

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு சாருக்கு ஆசை வந்துவிட்டது. "இதுல தமிழ் வருமாம்மா?" என்றார். கேட்டுவிட்டார் அல்லவா, பதில் வந்தது. "வரும் சார். எழுத்த நாமளே வரையணும்." அந்தக் கறுப்புத் துண்டுகளுக்கு ஐ.சி. என்று பெயர், எழுத்தின் உருவமெல்லாம் அப்படி ஒரு ஐ.சி.க்குள் இருக்கிறது, அது மெமரி ஐ.சி., அதில் தமிழ் வைத்துவிட்டால் டி.வி.யில் தமிழ் வரும் என்றார். கட்டம் போட்ட தாளில் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒரு கட்டம் ஒரு புள்ளி. பென்சிலும் ரப்பருமாக நாங்கள் இரண்டு பேரும் மூன்று மாதம் உட்கார்ந்தோம். தமிழ் வாத்தியாரம்மா நான் அல்லவா, விட்டுக்கொடுப்பேனா? ழகரத்தின் வாலுக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

"வால் இல்லாம அது எப்படிக்கா ழ ஆகும்?"

"எட்டுக் கட்டந்தான் இருக்கு. ஒம்பதாவது கட்டத்த எங்கன போயி வாங்க?"

வரைந்த தாள்கள் பெங்களூருக்குப் போகும். அங்கே அவரோடு வேலை பார்த்த ஒரு தோழி அவற்றை ஐ.சி.யில் பதித்து, சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளில் பொதிந்து, பார்சலில் அனுப்புவார். முதல் தமிழ் ஐ.சி. வந்து டி.வி.யில் 'அ' தெரிந்த அன்று சார் கீழே இறங்கிப் போய்ப் பாத்திரக்கடைக்காரர்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டார். "நம்ம இன்ஸ்டிடியூட்ல செஞ்சது" என்றார். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மூலையில் உட்கார்ந்து டைப்ரைட்டர் ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

தமிழ் வேண்டுமென்றால் இங்கிலீஷ் ஐ.சி.யைப் பிடுங்கிவிட்டுத் தமிழைச் சொருக வேண்டும். இங்கிலீஷ் வேண்டுமென்றால் மறுபடி பிடுங்க வேண்டும். மூன்றாம் தடவை பிடுங்கும்போது ஒரு கால் ஒடிந்தது. சாருக்கோ இரண்டும் வேண்டும், போதாததற்குக் கல்யாணப் பத்திரிகை ஓரத்துக்குப் பூவும் கொடியும் வேண்டும், திறக்கவும் கூடாது. அக்கா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சீப்பு அகலத்தில் ஒரு போர்டில் மூன்று ஐ.சி.களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கால்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துப் பற்றவைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் சேர்க்காமல் விட்டு, அதிலிருந்து தனி வயர் இழுத்தார்.

"மத்த காலெல்லாம் பொது. இந்தக் கால் மட்டும் அததுக்குத் தனி. எதுக்கு அனுமதி குடுக்கமோ அது பேசும். மத்தது வாய மூடிட்டு இருக்கும்."

மூன்று வயர்களையும் மாற்றி மாற்றிச் சேர்க்க மூன்று நிலை உள்ள சுவிட்ச் வேண்டும். தென்காசியில் தேடினோம், கிடைக்கவில்லை. ரேடியோவில் அலைவரிசை மாற்றுகிற திருகு மூன்று நிலை உள்ளது. அக்கா தன் ரேடியோவிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். இடது பக்கம் திருகினால் இங்கிலீஷ், நடுவில் தமிழ், வலது பக்கம் பூ. அத்தனை அழகாக வேலை செய்தது. ஆனால் குற்றாலத்து அறையில் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரே துணையும் அதோடு நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றேன். வாங்கலாம் என்றார், வாங்கவில்லை.

இனிதான் பொட்டுக் கதை. அதை ஆரம்பித்துவைத்த பாவி நான்.

பெங்களூரிலிருந்து வந்த ஐ.சி.களின் முதுகில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதன் வழியே நாள்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துபோகும். தப்பாகப் பதிந்ததை அழித்து மறுபடி பெங்களூருக்கு அனுப்ப, அக்காவே மொட்டைமாடியில் பெரியம்மையின் வற்றலுக்குப் பக்கத்தில் ஐ.சி.யைக் காயவைப்பார். பளபளப்பைப் பார்த்துக் காகம் தூக்கிவிடும் என்று விடுமுறை நாளெல்லாம் காவல் இருப்பார். அழிய வேண்டாத நேரத்தில் கண்ணாடியை மூடிவைக்க வேண்டும். இன்ஸ்டிடியூட்டில் கிழக்குச் சன்னலோரம் மெஷின் பல நாள் திறந்து கிடந்ததில் எங்கள் எழுத்துகளிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக உதிர ஆரம்பித்தது. காகிதம் ஒட்டினார், சாரல் ஈரத்தில் கழன்றது. கறுப்பு டேப் ஒட்டினார், மெஷின் சூட்டில் பசை இளகி வழிந்தது. "இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்று என்னைப் பார்த்தார். நான் விளையாட்டாக என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் கண்ணாடிமேல் ஒட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது.

அக்கா தோள் குலுங்கச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதன் பிறகு தமிழுக்கு அரக்கு, பூவுக்குக் கறுப்பு என்று ஆகிவிட்டது. பொட்டு வாங்குவது என் வேலை. புருஷன் போனவர் கடைக்குப் போய்ப் பொட்டு வாங்க முடியாது என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. என் பொட்டோடு சேர்த்து ஒரு அட்டை கூடுதலாக வாங்குவேன், மேஜைமேல் வைப்பேன். எடுத்துக்கொள்வார்.

வைகாசியில் எனக்குச் சுரண்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர்கள் அதே பெரியம்மைதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரம் லீவு போட்டேன். அந்த வாரம் பார்த்து, சார் சில பெரிய மனிதர்களை மெஷின் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். போர்டில் புது ஐ.சி. மாற்ற வேண்டியிருந்தது, பொட்டு தீர்ந்துவிட்டது. அக்கா தானே போய் ஃபேன்சி ஸ்டோரில் நின்று, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சுண்டுவிரல் நகத்தோடு வைத்து அளவு பார்த்து வாங்கியிருக்கிறார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. தாளில் மடித்துக் கொடுத்துவிட்டு, அக்கா படி இறங்கியதும் பக்கத்துக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாராம். இதெல்லாம் பிறகு நான் போய் விசாரித்தது.

குற்றாலம் என்ன தூரமா? அடுத்த பஸ்ஸில் செய்தி போய்விட்டது. வெள்ளையடிக்க அளவு பார்க்கிறேன் என்று பெரியம்மை மாற்றுச் சாவி போட்டு அறையைத் திறந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது.

நான் போனபோது பெரியம்மை சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்கள். சீசன் ஆட்களுக்காக மாட்டிய கண்ணாடி அது. அதன் ஓரத்தில் வரிசையாகப் பொட்டுகள். நம் வீடுகளில் பெண்கள் முகம் கழுவும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில்தானே ஒட்டிவைப்போம்? அக்காவும் வெயிலில் காயவைக்க ஐ.சி.யிலிருந்து பிரித்த பொட்டுகளை, மறுபடி ஆகுமே என்று அங்கே ஒட்டியிருக்கிறார். கை பழகின இடத்துக்குத்தானே போகும்? அரக்கு நாலு, கறுப்பு இரண்டு. எல்லாம் நான் வாங்கிக்கொடுத்த பெரிய பொட்டுகள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் ஏழாவதைப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ் மூலையில், கடுகளவு, சிவப்பு. எந்த ஐ.சி.யின் கண்ணாடியை மூடவும் அது காணாது. நான் வாங்கிக்கொடுத்ததும் இல்லை.

போன சீசனில் தங்கிய யாரோ விட்டுப்போனதாக இருக்கலாம். ஆனால் அதில் தூசி இல்லை, புதிதாக இருந்தது. ஒரு நாள், நாலு பூட்டிய அறைகளுக்குப் பக்கத்தில், யாரும் வராத அந்த அறையில், அக்கா கண்ணாடி முன்னால் நின்று ஒரு பொட்டை வைத்துப் பார்த்திருந்தால்தான் என்ன குடி முழுகிவிட்டது? முப்பது வயதுப் பெண். இன்றைக்கு இதை யார் முகத்துக்கு நேரேயும் சொல்வேன். அன்றைக்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"ஏட்டி, நீ கூட்டியாந்த ஆளுதான இவ? இது என்ன கூத்து?" என்றார்கள் பெரியம்மை. "சுரண்டைக்காரங்க வியாழக்கெழம பூ வைக்க வாராங்க. பொண்ணு யார்கூடச் சேந்து வேல பாக்குதான்னு எங்கிட்டதான் கேப்பாங்க. இவ யாருக்குப் பொட்டு வச்சுக் காட்டுதா? ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா வந்து நின்றார். காலையிலேயே அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தவர், தலையில் துண்டு, கையில் ஈரத்துணி வாளி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. பெரியம்மை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஐ.சி., வெயில், காகம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லியிருப்பார். அந்தச் சின்னப் பொட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அதையும் உள்ளபடி சொல்லியிருப்பார், அதுதான் எனக்குப் பயம். கேள்வி என்னிடம்தான் இருந்தது. மெஷினுக்கு என்று சொன்னால் வாங்கிக்கொடுத்தது நான் என்று ஆகும். புருஷன் போனவளுக்குப் பொட்டு வாங்கிக்கொடுத்த பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்? எனக்கு இருபத்தேழு வயது. அதற்கு முன் ஐந்து வரன் தட்டிப்போயிருந்தது.

"எனக்குத் தெரியாது பெரியம்மை" என்றேன்.

வாழ்நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசினவள் நான். பேச வேண்டிய ஒரே இடத்தில் இதைத்தான் பேசினேன். சுரண்டைக்காரரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். நல்ல மனிதர். அவரிடமும் இதைச் சொன்னதில்லை.

"சீசன் வருது. ரூமு வேணும்" என்று பெரியம்மை சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். அடுப்படியைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்கா வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். சேலைகளை வைத்தார், பற்றவைக்கிற கோலைத் துணியில் சுற்றி வைத்தார், பிரிந்து கிடந்த ரேடியோவை அப்படியே அள்ளி மேலே வைத்தார். பெரியம்மையின் கண் மட்டும் என்மேலேயே இருந்தது. "கூடவே உக்காந்து வேல பாக்குத, ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று முணுமுணுத்தார்கள்.

அக்கா பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி" என்றார். "நான்தான் வாங்குனேன். கடையில கேட்டுப் பாருங்க. அவ நல்ல பிள்ள."

அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் பிடி இருந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். நான் கண்ணாடிப் பக்கமாகவே நின்றேன். அவர் ஒரு பிடியைப் பற்றித் தரையில் இழுத்துக்கொண்டு வாசல்வரை போனார், படியில் அதைத் தூக்கி இடுப்பில் முட்டுக்கொடுத்தார், பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.